பேவ் வைர மோதிரத்துக்கு எந்த உலோகம்: பிளாட்டினமா, வெள்ளைத் தங்கமா, மஞ்சளா?

நெல்லைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். தை பிறந்ததும் எனக்கு நிச்சயதார்த்தம், பெண்ணுக்கு மோதிரம் வாங்க வேண்டும். மாடல் முடிவாகிவிட்டது, அதில் மாற்றம் கிடையாது. நடுவில் 30 சென்டில் (அதாவது 0.30 காரட் எடையில்) ஒரு வட்ட வைரம், அதன் இரண்டு பக்கமும் வளையத்தின் மேல்பாதி வரை பொடி வைரம் நெருக்கமாகப் பதித்தது, கடைகளில் பேவ் செட்டிங் என்கிறார்களே அதுதான். அவள் ஆசைப்பட்டுக் காட்டிய மாடல். எதில் செய்வது என்பதில்தான் குழம்பிப்போய் நிற்கிறேன்.

தி.நகரில் ஒரு கடையில் 18 காரட் வெள்ளைத் தங்கம் எடுங்கள், இந்த மாடலுக்கு எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள் என்றார்கள். அதே தெருவில் இன்னொரு கடையில், வெள்ளைத் தங்கம் போகப் போக மஞ்சளடிக்கும், பிளாட்டினம்தான் கல்லை விடாது என்றார்கள். வீட்டில் அம்மா சொல்வது வேறு. தங்கம் என்றால் 916, பார்த்தால் தங்கம் என்று தெரிய வேண்டும், வீட்டில் கிடக்கும் பழைய நகையைப் போட்டு 22 காரட்டிலேயே செய்யச் சொல் என்கிறார். அவளுக்கு வெள்ளையாக இருந்தால் பிடிக்கும், ஆனால் அதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறவள் இல்லை.

அவளுக்கு மருத்துவமனை லேபில் வேலை. நாள் முழுக்கக் கையுறை போடுவது, கழற்றுவது, கை கழுவுவது, சானிடைசர் தேய்ப்பது, இதுதான். போக வர ஸ்கூட்டர். மோதிரத்தைப் போட்டுவிட்டால் தூங்கும்போதும் கழற்ற மாட்டாள். மொத்தமாக இரண்டு லட்சத்துக்குள் முடிக்கப் பார்க்கிறேன். இதற்கு எந்த உலோகம் சரிப்படும்? தொழில் தெரிந்தவர்களும், பேவ் மோதிரம் போட்டுப் பழகியவர்களும் சொன்னால் நன்றாக இருக்கும்.

கோவை_கல்பதிப்பு:

தம்பி, வாழ்த்துகள். நான் கல் பதிக்கிற வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் 22 காரட் பேச்சை விட்டுவிடுங்கள். அம்மா சொல்வது சங்கிலிக்கும் வளையலுக்கும் சரி, பேவ் வேலைக்குச் சரிவராது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும். பொடிக்கல் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். வளையத்தில் அந்த அளவுக்குத் துளை போட்டு, கல் உட்கார இடம் குடைந்து, கல்லை வைத்து அழுத்திவிட்டு, பக்கத்தில் இருக்கிற உலோகத்தையே உளி முனையால் கீறிக் கல்லின் விளிம்பு மேல் தள்ளுவோம். அப்படித் தள்ளிய துணுக்கைக் குழிமுனைக் கருவியால் உருட்டினால் கடுகைவிடச் சின்னதாக ஒரு மணி வரும். ஒரு கல்லுக்கு மூன்று அல்லது நான்கு மணி, பக்கத்துக் கல்லோடு பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. மைக்ரோஸ்கோப் வைத்துத்தான் செய்ய முடியும். கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த மணி மட்டும்தான், வேறு எதுவும் இல்லை. அதனால் எந்த உலோகம் என்ற கேள்வி, அந்த மணி எதனால் ஆனது, எத்தனை வருஷம் தேயாமல் இருக்கும் என்ற கேள்விதான். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம், மென்மையான உலோகம். மணி அழகாக எழும்பும், எழும்பின வேகத்தில் தேயவும் செய்யும்.

18 காரட் என்றால் 75 சதவீதம் தங்கம், மீதி 25-ல் என்ன சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெள்ளைத் தங்கத்துக்கு நிக்கல் சேர்ப்பார்கள், அல்லது பல்லேடியம் சேர்ப்பார்கள். நிக்கல் சேர்த்தது நல்ல கெட்டி, கல்லைக் கவ்விப் பிடிக்கும், ஆனால் வேலை செய்யும்போது முரண்டு பிடிக்கும், சில சமயம் மணி உடைந்தே போகும். பல்லேடியம் சேர்த்தது இணக்கமானது, விலை கொஞ்சம் கூட. கடையில் வெள்ளைத் தங்கம் என்று மட்டும் சொன்னால் போதாது, எது சேர்த்தது என்று கேளுங்கள்.

இரண்டுமே அசலில் பளீர் வெள்ளை கிடையாது. லேசான மஞ்சளோ சாம்பலோ அடிக்கும். கடையில் நீங்கள் பார்த்த வெண்மை மேலே போட்ட ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தின் பூச்சு. அது ஒரு மைக்ரான் தடிமன் இருந்தாலே பெரிய விஷயம். தினமும் போடுகிற மோதிரத்தில் ஒன்றிரண்டு வருஷத்தில் உள்ளங்கைப் பக்கம் மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி பூசிக்கொள்ளலாம், செலவும் பெரிதில்லை. பேவ் மோதிரத்தில் எனக்குப் பயம் வேறு. பூச்சு போடுவதற்கு முன்னால் கீறல் போக பஃப் சக்கரத்தில் வைத்து பாலிஷ் அடிப்பார்கள். சாதா மோதிரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பேவில் அந்தச் சக்கரம் முதலில் தேய்ப்பதே அந்தக் குட்டி மணிகளைத்தான். நாலைந்து தடவை அப்படி ஆனால் மணியெல்லாம் மொட்டையாகி, பத்து வருஷத்தில் கல் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பிக்கும். கல் விழுந்து கொண்டுவருகிற பல மோதிரங்களில் நான் பார்ப்பது இதைத்தான். செய்தவன் கைவேலையில் குறை இருக்காது, பாலிஷ் தின்றிருக்கும்.

பிளாட்டினத்தில் இது கிட்டத்தட்ட இல்லை. நம் ஊரில் விற்பது 950, அதாவது 95 சதவீதம் பிளாட்டினம். உள்ளும் புறமும் ஒரே வெள்ளை, பூச்சு தேவையில்லை. தேயும் விதமும் வேறு. தங்கம் உரசினால் துகள் உதிர்ந்து போய்விடும், பிளாட்டினம் உரசினால் உலோகம் ஒதுங்குமே தவிரப் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். மணி நசுங்கினாலும் திரும்பத் தள்ளிவிடலாம். ஆனால் பளபளப்பு போய் மங்கலான சாம்பல் வெள்ளைக்கு வந்துவிடும், சிலருக்கு அந்த நிறம் பிடிக்காது, அவளிடம் பழைய பிளாட்டினம் மோதிரம் ஒன்றைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பிளாட்டினம் கெட்டி என்று கடையில் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 950 அவ்வளவு விறைப்பான உலோகம் இல்லை, வளையும். வளையம் ஒன்றரை மில்லிமீட்டர் அகலத்தில் நூல் மாதிரி இருந்தால், ஸ்கூட்டர் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வட்டம் முட்டையாகும். வட்டம் கோணினால் மணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கல் தெறிக்கும். எந்த உலோகமாக இருந்தாலும் அகலம் 1.8, முடிந்தால் 2 மில்லிமீட்டர், தடிமனும் ஏறத்தாழ அதே அளவு கேளுங்கள். மெலிசாக இருந்தால்தான் அழகு என்பார்கள், கேட்காதீர்கள்.

என் கணக்கில் உங்கள் வருங்கால மனைவியின் வேலைக்கும் பழக்கத்துக்கும் பிளாட்டினம் முதல். கைக்குள் அடங்காவிட்டால் பல்லேடியம் சேர்த்த 18 காரட் வெள்ளை. நிக்கல் சேர்த்தது வேண்டாம், காரணம் குளோரின். பிளீச்சிங் பவுடர், ப்ளீச் கரைசல் எல்லாம் லேபில் புழங்கும், நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தில் அது நாள்பட நுண்ணிய விரிசல் விடவைக்கும். முதலில் முறிவது மெல்லிய பிடிகள்தான்.

மீனா_திருச்சி:

நான் தொழில்காரி இல்லை, போட்டுக்கொள்கிறவள். என்னுடையது 18 காரட் வெள்ளைத் தங்கம், இதே மாதிரி பேவ், கல்யாணமானதிலிருந்து கையில்தான் இருக்கிறது. மேலே அண்ணன் சொன்ன ரோடியம் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. மோதிரத்தின் அடிப்பக்கம்தான் முதலில் நிறம் மாறும். மேலே கல் இருக்கிற பக்கம் வெகுநாள் வெள்ளையாகவே இருக்கும், அதனால் கொஞ்சம் வெளிறின தங்கமும் கொஞ்சம் வெள்ளையுமாக இரண்டுங்கெட்டானாகத் தெரியும். எனக்கு அது உறுத்தும், என் தங்கைக்கு அவள் மோதிரத்தில் அது கண்ணிலேயே படாது. ஆளைப் பொறுத்தது.

எந்த உலோகம் வாங்கினாலும் சுத்தம் செய்வதைப் பற்றி அந்தப் பெண்ணிடம் இப்போதே சொல்லிவையுங்கள். பேவ் மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் ஒரு துளை தெரியும், வெளிச்சம் போய்வர விட்டிருப்பது. சோப்பு, கிரீம், சப்பாத்தி மாவு, எல்லாம் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கல் செத்துப்போன மாதிரி மங்கும், வைரம் போலி என்று சந்தேகமே வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஊறவைத்து, குழந்தைகள் பல் தேய்க்கிற மெத்து பிரஷ்ஷால் அடிப்பக்கத்திலிருந்து தேய்த்தால் போதும். பற்பசை வைத்துத் தேய்க்கவே கூடாது, தங்கம் கீறிப்போகும். வாஷ்பேசினில் வேண்டாம், கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், ஆடிக்கொண்டிருந்த கல் ஏதாவது இருந்தால் தண்ணீரோடு போய்விடும்.

அப்புறம் ஒன்று. கையுறை போடும் வேலை என்கிறீர்கள். மணி மணியாகத் துருத்திக்கொண்டிருக்கும் பேவ் கையுறையைக் கிழிக்கும். என் மோதிரம் துப்பட்டா நூலையே இழுக்கும். லேபில் மோதிரமே போடக்கூடாது என்று விதி இருந்தாலும் இருக்கும், அதை முதலில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அப்படியானால் வேலை நேரத்தில் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொள்ளலாம், உலோகக் கவலையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

பவுன்கணக்கு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப் போகிறேன். எல்லாரும் வெள்ளை வெள்ளை என்கிறீர்கள், பையனின் அம்மாவும் இதில் ஒரு ஆள்தானே. 18 காரட் மஞ்சள் தங்கத்தில் வளையம் செய்து, கல் பதிகிற மேல்பகுதியை மட்டும் வெள்ளைத் தங்கத்திலோ பிளாட்டினத்திலோ செய்து ஒட்டவைக்கலாமே. வைரம் வெள்ளைப் பின்னணியில் வெள்ளையாகவே தெரியும், தேய்கிற அடிப்பக்கம் மஞ்சள் என்பதால் பூச்சு போனது வெளியே தெரியாது. தாலி, வளையல், சங்கிலி எல்லாம் மஞ்சளாக இருக்கும்போது அதோடு பொருந்தியும் போகும். முழுவதுமே மஞ்சளாகச் செய்தாலும் ஒன்றும் குறையாது. மஞ்சள் உலோகத்தில் வைரத்தின் லேசான நிறம் மறைந்துவிடும், ஐ, ஜே நிறக் கல் போதும் (வைரத்தின் நிறத் தரம் டி-யில் தொடங்கும், எழுத்து பின்னால் போகப் போக மஞ்சள் கூடும்). வெள்ளை உலோகத்தில் நடுக்கல்லும் பொடிக்கல்லும் ஜி, எச் அளவிலாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பு காட்டிக்கொடுக்கும். அந்த வித்தியாசத்திலேயே ஒரு தொகை மிச்சமாகும். ரோஸ் கோல்டும் பாருங்கள், செம்பு அதிகம் என்பதால் கெட்டியாக இருக்கும், பூச்சு வேண்டாம்.

பணக் கணக்கும் பார்க்க வேண்டும். கிராம் விலையில் 2015 வாக்கிலிருந்தே பிளாட்டினம் தங்கத்தைவிட மலிவுதான், ஆனால் அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பிளாட்டினம் அடர்த்தி அதிகம், 18 காரட் தங்கத்தில் 3 கிராம் வருகிற அதே மோதிரம் பிளாட்டினத்தில் 4 கிராமுக்கு மேல் வரும். செய்கூலி நன்றாகவே கூடும். திருப்பிக் கொடுக்கப் போனால் எல்லாக் கடையும் வாங்காது, வாங்கினாலும் கழிவு அதிகம். பழைய 22 காரட் நகையைப் பொறுத்தவரை, அதை உருக்கி இந்த மோதிரம் செய்யச் சொல்லாதீர்கள், மதிப்புப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், சுத்தக் கணக்காக இருக்கும்.

பில் போடும்போது கவனிக்க வேண்டியது: பேவ் மோதிரத்தில் மொத்த எடையில் கல் எடை கழிந்திருக்க வேண்டும். வைரத்துக்குக் காரட் என்பது எடை, ஒரு காரட் 0.2 கிராம். மோதிரத்தில் மொத்தம் அரை காரட் கல் இருந்தால் 0.1 கிராம் தங்கக் கணக்கில் வரக்கூடாது. தங்கம் என்றால் 750 முத்திரையும் எச்.யு.ஐ.டி எண்ணும் (ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடு) இருக்க வேண்டும், அரசு தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் எண்ணைப் போட்டால் நகை விவரம் வரும். இந்தக் கட்டாய ஹால்மார்க் தங்கத்துக்குத்தான், பிளாட்டினத்துக்குக் கிடையாது. அதனால் பிளாட்டினம் எடுத்தால் உள்பக்கம் 950 முத்திரையும் தூய்மைச் சான்றிதழும் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்பி வராதீர்கள்.

வடமராட்சியாள்:

நான் ஜேர்மனியில் இருக்கிறன். நிக்கல் பற்றி ஒரு விஷயம் ஒருத்தரும் சொல்லேல்லை, அதுதான் எழுதுகிறேன். நிக்கல் ஒவ்வாமை பெண்களிடம் நல்லாவே இருக்கிற பிரச்சினை. எனக்கு இருக்கு. மலிவான தோடு போட்டால் காது சிவந்து தண்ணி வடியும், ஜீன்ஸ் பித்தான் படுகிற இடத்தில் வயிற்றில் தடிக்கும். அப்பிடி அந்தப் பிள்ளைக்கு ஏதும் இருக்கோ என்று முதலில் கதைத்துப் பாருங்கோ. இருந்தால் நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் வேண்டவே வேண்டாம். ரோடியம் பூச்சு இருக்கும் மட்டும் ஒன்றும் தெரியாது, தேய்ந்து போன பிறகுதான் விரலில் வளையமாகச் சொறி வரும். தோலோடு படுகிற நகையில் எவ்வளவு நிக்கல் கசியலாம் என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்ட வரம்பே இருக்கு. கை ஈரமாகவே இருக்கிற வேலைக்காரருக்கு இது இன்னும் மோசம், ஈரமும் வியர்வையும் நிக்கலைக் கரைத்து வெளியே எடுக்கும்.

இங்கே 585 என்று 14 காரட்தான் கூடுதலாகப் புழக்கம், 18-ஐ விடக் கெட்டி, விலையும் குறைவு. உங்கட பக்கம் 14 காரட்டை ஆக்கள் மதிக்கிறதில்லை என்று தெரியும், ஆனால் பொடிக்கல் பதிக்க அது கெட்ட உலோகம் இல்லை. என்னுடையது பிளாட்டினம், ஒவ்வாமைக்காகவே எடுத்தது. பாரமாக இருக்கும், போடத் தொடங்கின காலத்தில் விரலில் எந்நேரமும் தெரிந்துகொண்டே இருந்தது, இப்ப அந்தப் பாரம் இல்லாட்டி என்னவோ போல இருக்கும். பளபளப்பு மங்கினது எனக்கு வடிவாகத்தான் தெரியுது, மங்கின உலோகத்துக்கு நடுவில் கல்லுகள் இன்னும் எடுப்பாக மின்னும்.

நெல்லைக்காரன்:

இவ்வளவு விவரமாகச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அவளிடம் கேட்டேன். கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகும் என்கிறாள், அப்படியானால் நிக்கல் வேண்டாம் என்பது முடிவு. லேபில் மோதிரம் போட்டுக்கொண்டு வேலை செய்யக் கூடாதாம், அவளே சங்கிலி யோசனையைச் சரி என்றுவிட்டாள். அம்மாவிடம் இரண்டு நிறத்தில் செய்வதைச் சொன்னேன், முகம் மலர்ந்தது, ஆனால் கடைசியில் போட்டுக்கொள்ளப் போகிறவள் அவள்தானே, அவளுக்குப் பிடித்ததையே எடு என்றும் அவரே சொல்லிவிட்டார். பிளாட்டினம் பக்கம்தான் சாய்கிறேன்.

கோவை அண்ணாவிடம் மட்டும் இரண்டு கேள்வி. பின்னால் விரல் பருத்தால் அளவு கூட்ட முடியுமா? அப்புறம், ஒரே மாடலுக்கு இரண்டு கடையில் செய்கூலி ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது?

கோவை_கல்பதிப்பு:

அளவு மாற்ற வேண்டுமானால் வளையத்தின் கீழ்ப்பாதியில் கல் இருக்கக்கூடாது. உங்கள் மாடலில் மேல்பாதிதான் என்பதால் பிழைத்தீர்கள், சுற்றிலும் கல் வைத்திருந்தால் அளவு மாற்றுவது நடக்காது. ஒரு அளவு கூட்டலாம், அதற்கு மேல் போனால் வளையத்தின் வளைவு மாறி மேலே இருக்கும் கல் தளரும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும், எல்லாப் பட்டறையிலும் அந்த வேலை நடக்காது, லேசர் வெல்டிங் இருக்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள். லேசர் என்றால் சூடு அந்தப் புள்ளியோடு நின்றுவிடும், கல்லுக்குப் போகாது. தங்கத்தை நெருப்பில் வைத்துப் பற்றவைக்கிறவர்கள் வைரத்தின் மேல் போரிக் அமிலம் பூசிக்கொண்டுதான் செய்வார்கள், அதை விட்டுவிட்டால் வைரத்தின் மேல் வெள்ளைப் படலம் படிந்துவிடும், மறுபடி பட்டை தீட்டினால்தான் போகும். இன்றைக்கே அவள் விரல் அளவைச் சாயங்காலம் எடுங்கள், காலையில் விரல் கொஞ்சம் வீங்கியிருக்கும் ஆட்கள் உண்டு, வெயிலிலும் மாறும்.

செய்கூலி வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம், கல்லை எப்படி வைத்தார்கள் என்பது. தங்க மோதிரங்களில் மெழுகு அச்சிலேயே பொடிக்கல்லை வைத்து, அப்படியே உலோகத்தை ஊற்றி வார்த்துவிடுகிற முறை இருக்கிறது. வேகமான வேலை, மலிவு. ஆனால் உலோகம் ஆறும்போது சுருங்குவதில் சில கல் சரியாகப் பிடிபடாது, நடுவில் ஒன்று போனால் அதே இடத்தில் இன்னொன்றைப் பதிப்பதும் கஷ்டம். பிளாட்டினத்தை அப்படிச் செய்ய முடியாது, அந்தச் சூட்டை வைரம் தாங்காது, கையால்தான் பதித்தாக வேண்டும். பிளாட்டினம் உளியை வேறு சீக்கிரம் மழுங்கடித்துவிடும், நடு நடுவே தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும், பாலிஷும் பல கட்டம். கூலி ஏறுவது அதனால்தான்.

ஆர்டர் கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள்: கல் வரிசைக்கு இரு பக்கமும் மெல்லியதாக ஒரு கரை விட்டுப் பதிக்கச் சொல்லுங்கள். கரையே இல்லாமல் பக்கவாட்டில் வெட்டி எடுத்துக் கல்லை முழுசாகக் காட்டுகிற மாடல் நன்றாக மினுங்கும், ஆனால் மேசையில் இடித்தால் அடி நேராகக் கல்லுக்கே விழும். கரை இருந்தால் அது வாங்கிக்கொள்ளும், கையுறையிலும் நூலிலும் மாட்டுவதும் குறையும். மோதிரம் கைக்கு வந்ததும் காதருகே வைத்து நகத்தால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கிலுகிலு என்று சின்னச் சத்தம் கேட்டால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது, அங்கேயே திருப்பிக் கொடுத்துச் சரிசெய்து வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறை இதே சோதனை. கல் விழுந்தால் எத்தனை வருஷம் இலவசமாகப் பதித்துத் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

நெல்லைக்காரன்:

குறித்துக்கொண்டேன் அண்ணா. பிளாட்டினம் 950, அகலம் 2 மில்லிமீட்டர், இரு பக்கமும் கரை, கீழ்ப்பாதி வெறும் வளையம். ஞாயிற்றுக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு போய் ஆர்டர் கொடுக்கிறேன், அம்மாவும் வருகிறேன் என்கிறார்.